அங்கிளின் முகம்

அங்கிள் முடியப்போகிறார் என்ற செய்தி வந்த மத்தியானம், சுங்கத்தில் மாட்டிக்கொண்ட ஒரு கொள்கலனுக்காக நான் தொலைபேசியில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகம் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே மல்லுக்கட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மேசைமேல் இருந்த என் கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்தே நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் எங்கள் வாசகர் குழுவில் ஆளாளுக்கு ‘ஐயோ’ போட்டிருக்கிறார்கள். யாரோ போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே தள்ளித் தள்ளிப் படித்த பிறகுதான், போகப்போவது அங்கிள் என்று தெரிந்தது.

அங்கிள் ஒரு காமிக்ஸ் வீரர். அமெரிக்காவில் அச்சாகி மாதம் ஓர் இதழாக, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வந்துகொண்டிருக்கும் தொடர். ஆங்கிலத்தில் அவருக்குப் பெரிய பட்டப்பெயர் உண்டு. ஆனால் இத்தனை வருஷமாக மாடிக்கு மாடி தாவிக்கொண்டிருக்கும் மனிதரைப் பெயர் சொல்லியா கூப்பிடுவது? கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் தமிழ் வாசகர்களுக்கு அவர் அங்கிள்தான். முகத்தில் சாம்பல் நிறத் துணியைச் சுற்றியிருப்பார். அந்தத் துணிக்குப் பின்னால் இருக்கும் முகத்தைத் தொடரில் ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. குளித்தால் முதுகு தெரியும். கண்ணாடிமுன் நின்றால் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். வரைகிறவர்கள் மாறினார்கள், எழுதுகிறவர்கள் மாறினார்கள், அந்த விரதம் மட்டும் மாறவே இல்லை.

இப்போது நிறுவனம் அறிவித்துவிட்டது. தொடர் முடிகிறது. கடைசி இதழின் கடைசிப் பக்கத்தில் அங்கிள் துணியை அவிழ்ப்பார்.

நான் கொள்கலனை மறந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை காமிக்ஸ் முடிகிறதென்று முகம் தொங்கி உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்துவிட்டுப் போகட்டும். எனக்கு அங்கிளைப் பற்றிக் கவலை இல்லை. எனக்கு என் தம்பியைப் பற்றித்தான் கவலை. அந்தத் தொடர் நின்றால் அவனுக்கும் எனக்கும் நடுவில் பேச்சென்று ஒன்றும் மிச்சமிருக்காது.

அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அம்மா என்னோடு கிள்ளானில் இருந்தார். சர்க்கரை வியாதி, எங்கள் ஊர்ப் பேச்சில் இனிப்பு நீர், காலில் இறங்கி, விரல் கறுத்து, கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. காலை எடுத்தால்தான் ஆள் பிழைக்க வழி உண்டு என்றார்கள் ஆஸ்பத்திரியில். தம்பி அப்போது கோலாலம்பூரில், சாலாக் செலாத்தானில் ஒரு பிளாட்டில் தனியாக இருந்தான். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அதற்குமேல் காத்திருக்க முடியாதென்று கையெழுத்துப் போட்டேன். அம்மா அந்த அறுவையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அம்மாவைத் தகனம் செய்த மின்சுடலை வாசலில், அத்தனை சொந்தக்காரர்கள் நிற்கும்போது, “நீதான் கையெழுத்து போட்டு அம்மாவ அனுப்பிட்ட” என்றான் தம்பி. நான் சும்மா இருப்பேனா? என் வாயில் வந்ததெல்லாம் வந்தது. “இனிமே என் வாசப்படிய மிதிக்காத. எனக்குத் தம்பி இல்ல” என்று கத்தினேன். தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்தக் கையெழுத்தைப் போடுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. தீபாவளிக்குக்கூட இல்லை. ஆனால் அந்த மாதம் அங்கிள் இதழைப் பற்றி முன்கூட்டியே கசிந்த செய்தி ஒன்று இணையத்தில் வந்தபோது, அவனிடமிருந்து ஒரு லிங்க் வந்தது. வெறும் லிங்க். அக்கா என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. நானும் பார்த்துவிட்டு ‘பார்த்தேன்’ என்று மட்டும் போட்டேன். அடுத்த மாதமும் வந்தது. அட்டைப்படம் வெளியானால் ஒரு லிங்க், ஓவியர் மாறினால் ஒரு லிங்க், யாராவது பேட்டியில் உளறிக்கொட்டினால் ஒரு லிங்க். ‘பார்த்தேன்’, ‘பார்த்தேன்’ என்று நானும் போட்டுக்கொண்டே இருந்தேன். அவன் உயிரோடு இருக்கிறான், சாப்பிடுகிறான், இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறான் என்பதெல்லாம் எனக்கு அந்த லிங்கில்தான் தெரிந்தது. நான்கு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

குழுவிலும் நாங்கள் இரண்டுபேரும் இருந்தோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் கூடுவார்கள். சண்டைக்குப் பிறகு நான் போவதை விட்டுவிட்டேன், அவன் போய்க்கொண்டிருந்தான். குழுவின் தலைவர் செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி வியாபாரம் செய்பவர். விடியற்காலையில் லோரியிலிருந்து முட்டைக்கோஸ் இறக்கிவிட்டு, அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்து அங்கிள் படிக்கும் ஆள். அவர்தான் என் தம்பிக்குக் கழுகு என்று பெயர் வைத்தார்.

தம்பியின் கண் அப்படி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் வண்ணம் பார்க்கும் வேலை அவனுக்கு. மற்றவர்கள் கதையைப் படிப்பார்கள். அவன் படத்தின் மூலையைப் படிப்பான். பின்னால் இருக்கும் கடிகாரம் என்ன மணி காட்டுகிறது, கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, போன இதழில் உடைந்த சன்னல் இந்த இதழில் உடைந்தே இருக்கிறதா என்று பார்ப்பான். ஒருமுறை அங்கிளின் துணி கொஞ்சம் நீலமடிக்கிறது, இது அங்கிள் இல்லை, வேறு ஆள் என்று எழுதினான். எல்லாரும் அவனைக் கிண்டல் செய்தார்கள். சில மாதம் கழித்துக் கதையில் அதுவே வந்தது. பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. அதை வைத்ததும் அவன்தான். புது இதழைப் படித்தவர்கள் குழுவில் ஒரு டீக் கோப்பைப் படம் போட வேண்டும். எல்லாருடைய கோப்பையும் வரும்வரை கதையைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. எவனோ ஒருத்தன் முந்திரிக்கொட்டை மாதிரி முடிவை உளறி, ஒரு நல்ல இதழைக் கெடுத்துவிட்ட கோபத்தில் வைத்த விதி அது. கடைசி ஆள் வரும்வரை எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம். ஒருத்தர் பிள்ளைப்பேறு அறைக்கு வெளியே நின்றுகொண்டு படித்துக் கோப்பை போட்டிருக்கிறார். அவருடைய மாமியார் பார்த்துவிட்டுத் திட்டியதையும் சேர்த்துப் போட்டார்.

அறிவிப்பு வந்த பிறகு குழு பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. முகம் யாருடையது? பழைய வில்லனா? காணாமல் போன அண்ணனா? ஒருவேளை பெண்ணா? தினமும் யாராவது ஒரு வீடியோவைக் கொண்டுவந்து போடுவார்கள். ஏதோ ஒரு நாட்டில் ஓர் இளைஞன் பழைய இதழ்களில் அங்கிளின் காதை மட்டும் வெட்டி ஒட்டி, இது இன்னாருடைய காது என்று மூச்சுவிடாமல் பேசுவான். தலைவர், “ஏன்லா, காத வெச்சி ஆள கண்டுபிடிக்க இவன் என்னா போலீஸா?” என்று எழுதுவார்.

தம்பி மட்டும் மாறிப்போயிருந்தான். அதற்கு முந்திய ஒரு வருஷமாகவே அப்படித்தான். படத்தின் மூலையைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டான். எழுதுவதையே நிறுத்திவிட்டு, குரலில் மட்டும் பேசிப் போட்டான். அதிலும் கதையைப் பற்றித்தான் பேசினான், வண்ணத்தைப் பற்றி ஒன்றுமில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டத்துக்கும் போவதில்லை. “கழுகு பெரிய ஆளாயிட்டாரு, நம்மளோட எல்லாம் ஒக்கார மாட்டாரு” என்றார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. திமிர் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு வரும் லிங்க்கும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மாதம் தப்பான லிங்க் வந்தது, ஏதோ வாசிங் மெஷின் விளம்பரம். அதற்கும் ‘பார்த்தேன்’ என்றுதான் போட்டேன். என் ரோஷமும் ஒன்றும் லேசுப்பட்டதில்லை.

கடைசி இதழ் வந்தது. சுபாங் ஜெயாவில் நாங்கள் வாங்கும் கடையில் அன்றைக்கு வாசல்வரை கூட்டம். அங்கிள் மாதிரியே சாம்பல் துணியைச் சுற்றிக்கொண்டு சில பையன்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் கறுப்புப் பட்டை குத்தியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் பிரதியை வாங்கிக்கொண்டு கோமுட்டர் ரயிலில் ஏறி, இடம் கிடைத்ததும் பிரித்தேன்.

பாதிக்குமேல் வசனமே இல்லை. அங்கிள் ஒரு தெருவில் நடக்கிறார். நடந்துகொண்டே இருக்கிறார். வெறும் படம், படம், படம். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பக்கம் முழுக்க அந்த முகம். கிள்ளான் நிலையத்தில் இறங்க மறந்து அடுத்த நிலையத்தில் இறங்கினேன். அங்கேயே நடைமேடையில் நின்றுகொண்டு என் கோப்பையைப் போட்டேன்.

சனிக்கிழமைக்குள் எல்லாருடைய கோப்பையும் வந்துவிட்டது, தம்பியுடையதைத் தவிர. ஞாயிறு போனது. திங்கள் போனது. “கழுகு, புக்கு வந்துச்சா?” என்று தலைவர் கேட்டார். “வந்துச்சி” என்று குரல் மட்டும் வந்தது. “அப்புறம் என்னா, படிக்க வேண்டியதுதான?” பதில் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. இணையம் முழுக்க அந்த முகம் நாறிக்கொண்டிருந்தது. எங்கள் குழு மட்டும் வாயில் துணி கட்டியதைப் போல இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து பார்த்த முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியவில்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒருத்தர் கோபப்பட்டு எழுதினார். இன்னொருத்தர் அதைவிடக் கோபப்பட்டார். கடைசியில் தம்பியை விட்டுவிட்டு வேறு குழு ஒன்று ஆரம்பித்து, எல்லாரும் அங்கே போய்ப் பேசத் தொடங்கினார்கள். பழைய குழுவில் நானும் அவனும் தலைவரும் மட்டும் மிச்சம்.

எனக்கு லிங்க் வருவதும் நின்றுபோயிருந்தது. இனி லிங்க் அனுப்ப என்ன இருக்கிறது? காலையில் எழுந்தவுடன் கைப்பேசியைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. அம்மா போனபோதுகூட வீடு இவ்வளவு வெறிச்சென்று இல்லை. இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

தலைவர்தான் கூப்பிட்டார். “அக்கா, ஒங்க தம்பிதான? என்னா பெரச்சனைன்னு ஒரு வார்த்த கேளுங்க லா. அவரு வெச்ச சட்டத்த அவரே மதிக்கலன்னா எப்படி?”

“எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்க்கா. அதுக்குத்தான் சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். கேஎல் சென்ட்ரலில் ரயில் மாறி சாலாக் செலாத்தானில் இறங்கும்வரை, அவனை எப்படியெல்லாம் திட்டுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நல்ல நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி வைத்திருந்தேன். பிளாட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறி மூச்சு வாங்கியதில் கோபம் இன்னும் கூடிவிட்டது. கதவைத் தட்டினேன். திறந்தான்.

ஆள் இளைத்துப் போயிருந்தான். தாடி விட்டிருந்தான். என் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு, “யாரு?” என்றான்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. “யாருன்னா கேக்குற? நாலு வருஷத்துல அக்கா மூஞ்சி மறந்து போச்சாடா ஒனக்கு? அவ்வளவு திமிரா?”

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். “குரல் மறக்கல அக்கா” என்றான். “உள்ள வா. கீழ பாத்து வா, சப்பாத்து, செருப்பு எல்லாம் கெடக்கும்.”

உள்ளே போனபிறகுதான் எனக்கு விளங்கியது. அவன் சுவரை விரலால் தொட்டுக்கொண்டே நடந்தான். நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தான். மேசையில் எல்லாம் வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்திருந்தான். சன்னலுக்கு நேராக முகத்தைத் திருப்பி, “வெளிச்சம் தெரியும். ஆளு நின்னா நெழலு தெரியும். அவ்வளவுதான்” என்றான்.

“எப்படிடா?”

“அம்மாவுக்கு வந்ததுதான். அவங்களுக்குக் காலு, எனக்குக் கண்ணு.”

முதலில் எழுத்து நடுவே கறுப்புப் புள்ளிகள் வந்தனவாம். பிறகு நேர்க்கோடு நெளிந்ததாம். அச்சகத்தில் சிவப்பைத் தவறாகச் சொன்ன அன்றைக்குத் தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டான். ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். “அம்மாவுக்கு அப்புறம் அந்தக் கதவுக்குள்ள என்னால போவ முடியல. போனப்போ ரொம்ப லேட்டுன்னுட்டாங்க.”

“என்கிட்ட சொல்றதுக்கு என்னா?”

“நீதான் தம்பி இல்லன்னுட்டியே.”

திட்டுவதற்காகக் கொண்டுபோன வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி சாப்பாடு கொடுக்கிறாராம். கைப்பேசி எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துச் சொல்கிறதாம். லிங்க்கையும் அப்படித்தான் தேடி எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறான். வாசிங் மெஷின் எப்படி வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாவி, குருட்டுத்தனமாகத் தடவித் தடவி எனக்கு லிங்க் அனுப்பியிருக்கிறான்.

“அப்ப கோப்பை? மாசாமாசம் போட்டியே?”

“வீடியோ போடுறவனுங்க கதைய முழுசா சொல்லிடுவானுங்க. நாலு பேரு சொல்றதக் கேட்டா இதழ் புரிஞ்சிடும். அதனால போட்டேன். கேக்குறதும் படிக்கிறதுதான்னு வெச்சுக்கிட்டேன்.” தலையைக் குனிந்துகொண்டான். “இதுல வசனமே இல்லையாமே அக்கா. எல்லா வீடியோவும் கேட்டேன். ஒருத்தன் கூட சொல்ல மாட்டேங்குறான். பக்கத்தத் தூக்கிக் காட்டி, ‘பாருங்க, பாருங்க, பாத்தீங்களா’ன்னு கத்துறானுங்க. ஒருத்தன் அழறான். எதப் பாத்து அழறான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“குழுவுல யாரையாச்சும் கேட்டிருக்கலாமே.”

“சட்டம் வெச்சதே நான். எல்லா கோப்பையும் வராம ஒருத்தனும் சொல்ல மாட்டான். கண்ணு போச்சின்னு சொன்னா சொல்வானுங்க. கழுகுக்குக் கண்ணு போச்சின்னு எப்படிச் சொல்றது? பொய்யா கோப்பை போட்டாலும் எல்லாரும் பேசுவானுங்க, கேட்டுக்கலாம். ஆனா இது கடைசி. இதுல பொய் சொல்ல மனசு வரல.”

எழுந்துபோய் அலமாரியிலிருந்து தன் பிரதியை எடுத்து வந்தான். இன்னும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. என் பக்கமாக நீட்டினான். கை என் கைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நான் எட்டி வாங்கிக்கொண்டேன்.

படத்தைப் படிப்பது சாமானியமான வேலை இல்லை. முதல் பக்கத்திலேயே திணறிப்போனேன். “தெருடா. ராத்திரி. அங்கிள் நடக்குறாரு.” அவன் விடுவானா? “எந்தப் பக்கத்திலேர்ந்து வெளிச்சம்? மழ பேஞ்சிருக்கா? கடையெல்லாம் மூடியிருக்கா? கடிகாரம் இருக்கா பாரு.” கடிகாரம் இருந்தது. நான் ரயிலில் படித்தபோது அதைப் பார்க்கவே இல்லை. முள் இல்லாத கடிகாரம். சொன்னேன். “ஆஹா” என்று தொடையில் தட்டினான். அந்த ஒரு நிமிஷம் அவன் பழைய கழுகாக இருந்தான், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. துணியின் நிறத்தைக் கேட்டான். சாம்பல் என்றேன். “எந்தச் சாம்பல்?” என்றான். அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. சிகரெட் சாம்பலா, விபூதியா, மழை மேகமா? விபூதி என்று சொல்லிவைத்தேன். சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியாது.

அப்படியே நகர்ந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். ஆன்டி வைத்துவிட்டுப் போன கோப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. நான் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டு அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எட்டு வயதில், கிள்ளான் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஓர் இதழை வைத்துக்கொண்டு, “அவரு மூஞ்சி எப்படிக்கா இருக்கும்?” என்று என்னிடம் கேட்டவன் அவன். குரங்கு மூஞ்சி, உன்னை மாதிரி, என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

“சாதாரண மூஞ்சிடா” என்றேன். “பேங்க்ல வரிசையில நிக்கிற ஆளு மாதிரி. நடு வயசு.”

“நெத்தி?”

“அகலம். மூணு கோடு.”

“கண்ணு எங்க பாக்குது?”

“நேரா நம்மளத்தான்.”

“கோவமாவா?”

“இல்ல. தூக்கம் கெட்ட கண்ணு. எடது கண்ணு கொஞ்சம் எறங்கியிருக்கு. மூக்கு பெருசு. வாய் லேசா தெறந்திருக்கு, என்னமோ சொல்ல வர்ற மாதிரி. ஆனா ஒன்னும் எழுதல.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான், இருந்தாலும் மூடிக்கொண்டான். உதடு அசைந்தது. நெற்றி, கண், மூக்கு என்று ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கிறான் என்று தெரிந்தது. “மறுபடியும் சொல்லு” என்றான். மறுபடியும் சொன்னேன். தாடையைக் கேட்டான், காதைக் கேட்டான், சொன்னேன்.

“ஒட்டல அக்கா” என்றான் கடைசியில். “நீ சொல்றது எல்லாம் தனித்தனியா வருது. மூக்கு வருது, கண்ணு வருது. மூஞ்சியா சேர மாட்டேங்குது.”

எனக்கு அந்தப் புத்தகத்தைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. இத்தனை வருஷமாக மூடி வைத்திருந்தவர்கள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் காட்டித் தொலைத்திருந்தால் என்ன? யார் குடி கெட்டுப்போயிருக்கும்?

“சரி, விடு. படிச்சாச்சு” என்று கைப்பேசியை நீட்டினான். “கோப்பைய நீயே போட்டுடு.”

போட்டேன். பழைய குழுவில் மூன்று பேர்தானே, உடனே தலைவரிடமிருந்து பதில் வந்தது. அவன் கைப்பேசி அதை எந்த உணர்ச்சியும் இல்லாத குரலில் உரக்கப் படித்தது. “அப்பாடா. வாங்க கழுகு. மூஞ்சியப் பாத்தீங்களா? ஒங்க கண்ணுக்கு என்னா தெரிஞ்சிச்சி, சொல்லுங்க.”

தம்பி கைப்பேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தான். வெளியே ரயில் போகும் சத்தம் கேட்டது.

“ஒன் மூஞ்சி சேருது அக்கா” என்றான். “நல்லா, முழுசா சேருது. நான் ஒன்னைய கடைசியா பாத்தது மின்சுடலை வாசல்லதான? அதான் நிக்குது. கண்ணு செவந்து, கழுத்து நரம்பு பொடைச்சி, வாயத் தொறந்துகிட்டு. நீ லிங்குக்கு பதில் போட்டாலும் அந்த மூஞ்சிதான். இப்ப இங்க ஒக்காந்து பேசுறியே, அதுவும் அந்த மூஞ்சிதான் பேசுது. மாத்திப் பாக்குறேன், மாற மாட்டேங்குது.”

நான் புத்தகத்தை மூடி வைத்தேன். நாற்காலியை இழுத்து அவனுக்கு நேராக, நிழல் விழும்படி உட்கார்ந்தேன். இவ்வளவு நேரம் அங்கிளைச் சொன்ன மாதிரியே மேலேயிருந்து ஆரம்பித்தேன். முடி முக்கால்வாசி நரைச்சிடுச்சிடா, சாயம் அடிக்கிறத விட்டுட்டேன். நெத்தியில சின்ன பொட்டு. கண்ணாடி போட்டிருக்கேன், கறுப்பு ஃபிரேம். கன்னம் தொங்கிப் போச்சு, அம்மாவுக்குத் தொங்கின மாதிரியே. கழுத்து நரம்பு ஒன்னும் பொடைக்கல. வாய் மூடித்தான் இருக்கு, பேசுறப்ப மட்டும் தொறக்குது. கோவம் இல்லடா. நல்லா பாரு, கோவம் இல்ல.

அவன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தான். நான் காத்திருந்தேன்.

“ஒட்டல அக்கா” என்றான்.